எடையற்ற இடத்தில் மின்கம்பி உறை எரிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா, தடாவைத் தாண்டினால் சூளூர்பேட்டை, அங்கிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகும் சாலையில் சென்றால் ஸ்ரீஹரிகோட்டா. மாநில எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வயரிங் சொல்லித்தருவது என் தொழில். ராக்கெட் எழும்பும் நாளில் வகுப்பு நடக்காது. எல்லாரும் மொட்டை மாடியில் நிற்பார்கள். மறுநாள் வரும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது: “சார், மேலே போன பிறகு அதற்குள் ஒயர் பற்றிக்கொண்டால் என்ன ஆகும்?” அதையும், அதைத் தொட்டுக் கிளைத்த கேள்விகளையும் இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

எடையற்ற இடத்தில் நெருப்பு தானாகவே அணைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி இருந்துவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. தரையில் அகல் விளக்கின் சுடர் மேல்நோக்கிக் கூர்மையாக நிற்பதற்குக் காரணம், சூடான வாயு இலேசாகி மேலே எழுவதும், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வருவதும் ஆகும். பாடப்புத்தகத்தில் வெப்பச்சலனம் என்று படித்தது இதுதான். எடை என்பதே இல்லாத இடத்தில் ‘இலேசு’, ‘கனம்’ என்ற வேறுபாட்டுக்குப் பொருள் இல்லை. சூடான வாயு எங்கும் எழாமல் சுடரைச் சுற்றியே தேங்கி நிற்கும். ஆக்சிஜன் விரவல் முறையில், அதாவது செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மெல்லக் கசிந்து வந்தால்தான் உண்டு. அதனால் மெழுகுவத்திச் சுடர் அங்கே ஏறத்தாழ உருண்டையாக, மங்கிய நீல நிறத்தில் இருக்கும். பல வேளைகளில் சிறிது நேரத்தில் அணைந்தும் போகும். ஆனால் அது முற்றிலும் அசையாத காற்றில் வைத்த மெழுகுவத்தியின் கதை. விண்கலத்தின் காற்று அசையாமல் இருப்பதில்லை. மின்கம்பியும் மெழுகுவத்தி அல்ல.

அங்கே புவியீர்ப்பே இல்லையா?

இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. கலமும் அதனுள் இருக்கும் மனிதர், காற்று, தீ எல்லாமும் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் தரையில் ஒயரில் தீ எப்படிப் பரவுகிறது என்று சொல்லுங்கள், சார்.

எரிவது உறை அல்ல; சூட்டில் உறையிலிருந்து கிளம்பும் வாயுதான் எரிகிறது. சுடரின் வெப்பம் அடுத்த சில மில்லிமீட்டர் உறையைச் சுடவைத்து உருக்குகிறது, உருகியது சிதைந்து வாயுவாகிறது, அந்த வாயு காற்றோடு கலந்து பற்றுகிறது. இதே சுழற்சி ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்வதைத்தான் ‘பரவுதல்’ என்கிறோம்.

செங்குத்தாகப் போகும் ஒயரின் அடியில் தீ வைத்தால் சுடர் தனக்கு மேலே உள்ள உறையை நக்கிக்கொண்டே ஏறுவதால் விரைவாகப் பரவும். உச்சியில் வைத்தால், கீழிருந்து வரும் குளிர்ந்த காற்றை எதிர்த்து மெதுவாக இறங்கும். பழைய டிவி கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றி வெள்ளையாக இருக்கிறதே, அந்தப் பாலித்தீனை ஒரு விரல் நீளம் வெட்டி, மணல் தட்டின் மேல் இடுக்கியில் பிடித்து வகுப்பில் எரித்துக் காட்டுவேன். சுடர் நகர்வதை விடப் பிள்ளைகள் கவனிப்பது சொட்டுகளைத்தான். எரியும் துளி ஒவ்வொன்றும் ‘விர்’ என்ற சிறு ஒலியோடு விழுந்து மணலில் ஒரு கணம் எரிந்து அணையும். அந்தச் சொட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எடையின்மையில் அதே ஒயர் எப்படி எரியும்?

மேல், கீழ் என்ற இரண்டு திசைகள் இல்லாமல் போகின்றன. சுடர் கம்பியைச் சுற்றி ஒரு முட்டை போலவோ உருண்டை போலவோ கவிந்து நிற்கும்; கம்பி அதன் நடுவே ஊடுருவிச் செல்லும். தரையில் எழுகாற்று சுடரின் வெப்பத்தை உறையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. அங்கே அந்தக் காற்று இல்லாததால் சுடருக்கு முன்னால் உள்ள சூடான வாயுப் படலம் தடிப்பாகிறது. இன்னும் பற்றாத உறையின் நீண்ட பகுதி முன்கூட்டியே சுடத் தொடங்குகிறது.

கம்பியின் வடிவமும் தீக்குத் துணைபோகிறது. தட்டையான பலகைக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் ஆக்சிஜன் வந்து சேரும். மெல்லிய கம்பிக்கோ சுற்றுப்புறம் முழுவதிலிருந்தும் வரும். ஆகவே காற்று அசையாத நிலையிலும் மெல்லிய ஒயரில் தீ பிடித்து நகர முடியும் என்பதை ஜப்பானில் நடந்த சோதனைகள் காட்டின. சில சூழல்களில் தரையில் பரவுவதை விட அது விரைவாகவே நகர்ந்தது. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். ஆக்சிஜன் வந்துசேரும் வழியைக் காகிதத்தில் வரைந்து பார்த்த பிறகுதான் தெளிந்தது.

உருகிய பிளாஸ்டிக் எங்கே போகும்?

எங்கும் போகாது, சிக்கலே அதுதான். தரையில் சொட்டும் ஒவ்வொரு துளியும் தன்னோடு எரிபொருளையும் வெப்பத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறது. சில உறைகள் தரைச் சோதனையில் ‘தானே அணையும்’ என்று பெயர் வாங்குவதற்கு அவற்றின் வேதியியல் மட்டும் காரணமல்ல. எரியும் பகுதி உருகிக் கழன்று விழுந்துவிடுவதும் ஒரு காரணம். எடையின்மையில் பரப்பு இழுவிசை ஒன்றே ஆட்சி செய்வதால், உருகிய பிளாஸ்டிக் கம்பியில் கோத்த மணி போல உருண்டு, சுடரின் நடுவிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே எழும் குமிழ் வெடிக்கும்போது எரியும் சிறு துளிகள் சிதறுவதும் உண்டு. அவை தரையை நோக்கி விழா. எறியப்பட்ட திசையிலேயே நேர்கோட்டில் பறந்து எதிரே இருப்பதில் ஒட்டும்.

உள்ளே இருக்கும் செம்பு தீயைத் தணிக்காதா?

தொடக்கத்தில் தணிக்கும், பிறகு ஊட்டும். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் நிக்ரோமை (ஹீட்டர் சுருளில் இருக்கும் நிக்கல்-குரோமியம் கலப்பு உலோகம்) விட ஏறத்தாழ முப்பது மடங்கு வல்லது. தீ பற்றவைக்க முயலும் நேரத்தில் அந்த வெப்பத்தை இழுத்து இருபுறமும் பரப்பிவிடுவதால் உறை பற்றுவது கடினமாகிறது. ஆனால் சுடர் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் எரியும் பகுதியில் சூடான செம்பு, கொதிக்கும் குழம்பில் போட்டு வைத்த எவர்சில்வர் கரண்டியின் காம்பு கையைச் சுடுவது போல, சுடர் இன்னும் எட்டாத பகுதிக்கு வெப்பத்தை உள்வழியாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியே சுடரும் உள்ளே செம்புமாக உறை இரண்டு பக்கமும் வேகிறது. ஆய்வுக்கூடங்களில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள நிக்ரோம் கம்பியில் பாலித்தீன் பூசிச் செய்த சோதனைகளே மிகுதி. அவற்றின் எண்களை அப்படியே செம்பு ஒயருக்குப் பொருத்திப் பேசுவது சரியல்ல.

விசிறியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? அது மிக மெல்லிய காற்றுதானே?

மெல்லிய காற்று என்பதால்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மற்ற எதைத் தாண்டிப் போனாலும் இந்த ஒரு விடையை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன்.

விண்கலத்தில் விசிறி நின்றால், உறங்குபவரின் மூக்கருகே அவர் விட்ட கரியமிலவாயுவே தேங்கிவிடும். மின்னணுப் பெட்டிகளும் சூடேறும். ஆகவே பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் விநாடிக்குச் சுமார் 5 முதல் 20 சென்டிமீட்டர் வரை வேகத்தில் காற்று எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். முகத்தில் பட்டால் உணர்வதே அரிதான வேகம் அது.

இப்போது இதைத் தரையோடு ஒப்பிடுங்கள். தரையில் ஒரு சிறு சுடர் தானாகவே உண்டாக்கும் எழுகாற்றின் வேகம் விநாடிக்குப் பல பத்து சென்டிமீட்டர். விசிறியை நிறுத்தினாலும், கதவைச் சாத்தினாலும் அந்தக் காற்றை நிறுத்த முடியாது. சுடர் இருக்கும் வரை அது இருக்கும். ஆகவே ‘விநாடிக்கு 10 சென்டிமீட்டர் காற்றில் தீ எப்படி நடந்துகொள்ளும்?’ என்ற கேள்விக்குத் தரையில் விடை தேடவே முடியாது. கேள்வியைக் கேட்பதற்கு முன்பே புவியீர்ப்பு குறுக்கே வந்துவிடும்.

எடையின்மையில் சோதித்தபோது தெரிந்தது இதுதான். காற்று அறவே இல்லையென்றால் ஆக்சிஜன் போதாமலும், வெப்பக்கதிர்வீச்சாக வெப்பம் வெளியேறுவதாலும் சுடர் மெலிகிறது. பல பொருள்களில் அணைந்துவிடுகிறது. காற்று வலுத்தால் வேதிவினை நடந்து முடிவதற்குள் வாயு அடித்துச் செல்லப்பட்டு, ஊதி அணைத்தது போல அணைகிறது. இரண்டுக்கும் நடுவே, ஆக்சிஜனை ஊட்டுவதற்குப் போதுமானதாகவும் வெப்பத்தைப் பறித்துச் செல்வதற்குப் போதாததாகவும் ஒரு மெல்லிய காற்றோட்டம் இருக்கிறது. தீக்கு மிகவும் உகந்தது அதுவே. விண்கலத்தின் விசிறி தருவதும் ஏறத்தாழ அதே வேகம்தான். அந்த நிலையில் ஒயரின் தீ விரைந்து பரவுவது மட்டுமல்லாமல், தரையில் எரிய மறுக்கும் அளவுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றிலும் சில உறைகள் எரிகின்றன. விறகடுப்பை ஊதும் பாட்டிக்கு இதை விளக்கவே வேண்டாம். எவ்வளவு ஊதினால் பற்றும், எவ்வளவு ஊதினால் அணையும் என்பது அவர் மூச்சுக்கே தெரியும்.

தீ வைக்காமலே, ஓவர்லோடால் பற்றுமா?

பற்றும். தரையை விடக் குறைந்த மின்னோட்டத்திலேயே பற்ற இடமிருக்கிறது. சூடேறிய ஒயரைத் தரையில் எழுகாற்று ஓயாமல் குளிர்விக்கிறது; நம் ஆம்பியர் அட்டவணைகள் அந்தக் குளிர்ச்சியையும் கணக்கில் சேர்த்துத்தான் போடப்பட்டிருக்கின்றன. எடையின்மையில் அந்தக் குளிர்ச்சி இல்லை. மேலும், உறையிலிருந்து கசியும் எரிவாயு கலைந்து போகாமல் கம்பியைச் சுற்றிப் புகைமூட்டமாகத் தேங்குவதால், ஒரு பொறி பட்டாலும், சிவந்த கம்பி பட்டாலும் பற்றிக்கொள்கிறது. லூஸ் கனெக்ஷனை ஒரு குற்றமாகவே நான் நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

பூமியில் இருந்துகொண்டே இதையெல்லாம் எப்படிச் சோதித்தார்கள்?

விழவைத்துத்தான். சுதந்திரமாக விழும் பெட்டிக்குள் எடை இராது. எத்தனை விநாடி வேண்டுமோ அதற்கேற்ற ஆழம் வேண்டும். கணக்கோ இருமடியில் ஏறும். 2.5 விநாடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர் போதும், சென்னை ஐ.ஐ.டி.யில் அந்த அளவு நேரம் தரும் வீழ்கோபுரம் இருக்கிறது. சூளூர்பேட்டையில் மின்ரயில் ஏறினால் போய்ச் சேரும் தொலைவுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 10 விநாடி வேண்டுமென்றால் 490 மீட்டர் விழ வேண்டும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், கைவிடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் 710 மீட்டர் ஆழச் செங்குத்துக் குழியை இதற்காகவே பயன்படுத்தினார்கள். ஒயர்த் தீ பற்றிய முதன்மையான சோதனைகள் பல அந்தக் குழியில் விழுந்துகொண்டே நடந்தவை. வளைபாதையில் பறக்கும் விமானத்தில் ஒவ்வொரு முறையும் சுமார் 22 விநாடி கிடைக்கிறது. 1992ஆம் ஆண்டு கொலம்பியா விண்ணோடத்தில், கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிக்குள் பாலித்தீன் உறையிட்ட நிக்ரோம் கம்பிகளை எரித்துப் பார்த்தார்கள். பின்னர் ஜப்பான் விண்வெளி முகமை, மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, தரையில் எடுத்த அளவீட்டிலிருந்து எடையின்மையில் எரியும் எல்லையைக் கணக்கிடும் முறையை உருவாக்கும் திட்டத்தை மேற்கொண்டு, விண்வெளி நிலையத்தில் உள்ள ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்துக்கே அந்தச் சோதனையைக் கொண்டுசென்றது.

எஃப்.ஆர். ஒயர், அதாவது தீ எளிதில் பரவாத உறையுள்ள ஒயர் போட்டால் போதாதா?

வீட்டுக்குப் போதும், கட்டாயம் போடுங்கள். ஆனால் அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு பொருள் எரிந்துகொண்டிருக்கக் குறைந்தது எத்தனை சதவீத ஆக்சிஜன் வேண்டும் என்பதை ஆக்சிஜன் குறியெண் என்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 21. சாதாரண பாலித்தீனுக்கு 17, 18 போதும் என்பதால் அது தாராளமாக எரிகிறது. எஃப்.ஆர். வகை பி.வி.சி.க்குக் குறைந்தது 29 வேண்டும்; டெஃப்லானுக்கு 90க்கும் மேல். இந்த எண்கள் யாவும் தரையில், எழுகாற்று வீசும் நிலையில் எடுக்கப்பட்டவை. எடையின்மையின் மெல்லிய காற்றில் எல்லை இதற்கும் கீழே இறங்குகிறது என்றுதான் சற்று முன்னால் பார்த்தோம்.

நாசாவின் பொருள் தேர்வு முறையில் மாதிரியைச் செங்குத்தாகவோ அதற்கு நெருக்கமாகவோ நிறுத்தி, அடியில் தீ வைத்து, 15 சென்டிமீட்டர் எரிவதற்குள் தானே அணைகிறதா என்று பார்ப்பார்கள். மேல்நோக்கிய தீதான் தரையில் மிகக் கொடியது. அதைத் தாங்கிய பொருள் விண்வெளியையும் தாங்கும் என்பதே அந்த முறையின் அடிப்படை எண்ணம். பல பொருள்களுக்கு அது சரியாகவே இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும், எல்லாக் காற்று வேகத்துக்கும் சரி என்று சொல்ல முடியாது என்பதை வெளிப்படுத்தியதில் ஒயர்ச் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வு தவறு என்று நான் சொல்லவில்லை. தேர்வில் பெற்ற மதிப்பெண் எந்தப் பாடத்துக்கு என்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

உண்மையில் விண்கலத்தில் ஒயர் எரிந்ததுண்டா?

பெரும் தீயாக மூண்டதை விட, மூளாமல் தப்பியவையே நமக்கு மிகுதியாகப் பாடம் சொல்கின்றன. 1989 ஆகஸ்டில் கொலம்பியா விண்ணோடத்தில் தொலை அச்சுப்பொறியின் கேபிள் ஷார்ட் ஆகிப் பொறியும் புகையும் எழுந்தன; தீ பரவவில்லை. 1999 ஜூலையில் அதே விண்ணோடம் கிளம்பி ஐந்து விநாடியில் ஒரு ஒயர் ஷார்ட் ஆனது. இரண்டு இயந்திரங்களில் தலா ஒரு கட்டுப்பாட்டுக் கணினி செயலிழந்தது; மீதமிருந்த கணினிகளே அவற்றை இயக்கின. பிறகு திறந்து பார்த்தால், கேப்டான் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் உறையிட்ட ஒயர் பிசிறு நிறைந்த ஒரு திருகாணித் தலையில் உரசி உரசித் தேய்ந்திருந்தது! ஒரு திருகாணி. கேப்டான் எளிதில் எரியாத உறைதான். ஆனால் மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) பட்டால் கருகிக் கரியாகி, அந்தக் கரியே மின்சாரம் பாயும் பாதையாகிவிடும் குணம் அதற்கு உண்டு.

1967 ஜனவரி 27 அன்று மூவரைப் பலிகொண்ட அப்பல்லோ 1 தீயையும், 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் தரும் கருவி எரிந்ததையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். முன்னது ஏவுதளத்தில், புவியீர்ப்பின் கீழ், தூய ஆக்சிஜன் நிரப்பிய கலத்தில் நேர்ந்தது. அதற்கு மின்கம்பியில் எழுந்த பொறி காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கருதியது. பின்னது ஒயர்த் தீயே அல்ல.

அங்கே எப்படி அணைப்பார்கள்?

முதலில் அந்தப் பகுதியின் மின்சாரத்தையும் விசிறியையும் நிறுத்துவார்கள். மின்சாரத்தை நிறுத்துவது நாம் வீட்டு மின்பெட்டியில் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்குவது போலத்தான். விசிறியை நிறுத்துவதன் பொருள், தீக்கு வந்துகொண்டிருந்த ஊட்டத்தை அறுப்பது. அதன் பிறகும் அணையாவிட்டால் கரியமிலவாயு, நீர்த்துளிப் பனி, நுரை ஆகியவற்றைத் தெளிக்கும் அணைப்பான்கள் உண்டு. ஆனால் அணைப்பானின் வீச்சும் ஒரு காற்றுதான். உருகி உருண்டிருக்கும் மணியை அது சிதறடிக்கவும் கூடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. புகை அங்கே மேலே எழாது. ஆகவே கூரையில் கருவி வைத்துப் பயனில்லை. காற்றோட்டப் பாதையில்தான் புகை உணர்கருவியை வைக்க வேண்டும். விசிறி சுழன்றால்தான் புகை அதனிடம் போய்ச் சேரும். தீயை வளர்ப்பதும் விசிறி, காட்டிக்கொடுப்பதும் அதே விசிறி.

இனி வரும் கலங்களில் நிலைமை மேம்படுமா?

உறைகள் மேம்படுகின்றன, காற்றோ தீக்குச் சாதகமாக மாறப்போகிறது. நிலவுப் பயணங்களுக்குக் கலத்தினுள் அழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிஜனை 34 சதவீதம் வரை உயர்த்தும் யோசனை இருக்கிறது. விண்ணுடை அணிந்து அடிக்கடி வெளியே போய்வருவதற்கு அது வசதி. ஆக்சிஜன் குறியெண் 29 உள்ள உறை அந்தக் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மேலே உள்ள விடைகளைப் படித்தவர்கள் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் இதில் எதையாவது பார்க்க முடியுமா?

ஒயரை எரிக்காதீர்கள், பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், தொண்டையைப் பிடுங்கும். மெழுகுவத்தி போதும். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சிறு மெழுகுவத்தியை உறுதியாக ஒட்டி, ஏற்றி, மூடி, உடனே இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தடித்த மெத்தையின் மேல் நேராக விழவிட வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வாளி நீரும் இருக்கட்டும். விழும் நேரம் 0.6 விநாடிக்குச் சற்றுக் கூடுதல். கண்ணுக்கு எதுவும் தெரியாது. செல்போனில் ஸ்லோமோஷனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். கையை விட்டதும் மஞ்சள் கூர் உள்வாங்கி, சுடர் குறுகி நீலமாகத் திரிமேல் குந்தும். மெத்தையில் மோதும் கணத்தில் பெரும்பாலும் அணைந்துவிடும் என்பதால், கடைசிப் பத்துப் படச்சட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.